பரிவும் அகிம்சையும்: சில அனுபவங்கள்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில், பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் பேச வேண்டும் என்று சங்கத்தார் கேட்டபோது, நீரிழிவு பற்றியோ பெண்களின் உடல்நலம் பற்றியோ பேசச் சொல்வார்கள் என்று நினைத்தேன். அவர்கள் தந்த தலைப்பு 'பரிவும் அகிம்சையும்'. "புத்தகத்தில் உள்ளதைச் சொல்ல வேண்டாம், நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்" என்றும் சொன்னார்கள். ஆகவே கண்டதைச் சொல்கிறேன். நோயாளர்கள் பற்றிச் சொல்லும் இடங்களில் அவர்கள் யாரென்று தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

இரக்கம் என்ற சொல் எங்கள் எல்லோருக்கும் தெரியும். இரக்கப்படுகிறவர் சற்று உயரத்தில் நிற்கிறார், இரக்கத்துக்குரியவர் கீழே இருக்கிறார். பரிவுக்கு அந்த உயரம் இல்லை. பக்கத்தில் இருந்து, "உங்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டு, சொல்லி முடிக்கும் வரை காத்திருப்பதுதான் நான் புரிந்துகொண்ட பரிவு. அப்படிக் கேட்கும் பழக்கம் உள்ள இடத்தில் கையோ நாவோ எளிதில் ஓங்காது. அகிம்சை அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

இந்தப் பாடத்தைப் படிக்கத் தலைமன்னாரை விட நல்ல இடம் குறைவு. 1914ஆம் ஆண்டு மதவாச்சியிலிருந்து எங்கள் ஊருக்கு ரயில் பாதை வந்தது. அதே வருடம் தனுஷ்கோடிக்கும் இங்கும் இடையில் கப்பல் சேவை தொடங்கியது. மலையகத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்தவர்கள் இந்த இறங்குதுறையில்தான் காலை வைத்தார்கள். 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று இரண்டு அரசாங்கங்களும் முடிவு செய்தன. அந்தக் குடும்பங்களில் யாரிடமும் யாரும் கேட்கவில்லை. பரம்பரையாக இங்கே வாழ்ந்தவர்கள் தகரப் பெட்டிகளோடு இதே இறங்குதுறையில் கப்பல் ஏறினார்கள். அவர்களை ஏற்றி வந்த ரயிலை மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று அழைத்தார்கள்.

என் அம்மம்மா அந்த நாட்களில் இறங்குதுறைக்குப் பக்கத்தில் சிறிய தேநீர்க் கடை வைத்திருந்தார். கப்பலுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு அவர் தண்ணீர் கொடுப்பாராம். "தண்ணி வேணுமா எண்டு கேட்டிட்டுக் குடுத்தா வேண்டாம் எண்டு சொல்லிப்போடுங்கள். வெக்கப்படுங்கள். குடுத்திட்டுத்தான் மற்றதெல்லாம் கேக்கிறது" என்று சொல்வார். அவர் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவர். நான் மருத்துவ பீடத்தில் நோயாளியோடு பேசும் முறை பற்றிக் கேட்ட விரிவுரைகள் பல. அவற்றில் இதைவிட அதிகமாக ஏதும் இருந்ததாக ஞாபகம் இல்லை.

1984இல் கப்பல் நின்றது. 1990இல் ரயிலும் நின்றது. அந்த 1990ஆம் ஆண்டு நான் ஐந்தாம் வகுப்பு.

முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த வருடம் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். ஜூன் மாதம் போர் மீண்டும் தொடங்கியது. எங்கள் கரையிலிருந்து வள்ளங்களில் இராமேஸ்வரத்துக்குப் போனவர்கள் ஆயிரக்கணக்கானோர். ஒக்டோபர் இறுதியில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் ஊரைவிட்டு வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்களுக்குக் கிடைத்தவை சில நாட்கள். அவர்களிற் பலர் கடல் வழியாகக் கற்பிட்டிக்குப் போய், புத்தளம் மாவட்டத்தில் ஓலைக் குடில்களில் தங்கினார்கள். வடக்கு முழுவதிலுமாக வெளியேற்றப்பட்டவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். இது நடக்க வேண்டாம் என்று மன்னாரின் குருமார் சிலர் கேட்டுப் பார்த்தார்கள். பலன் இருக்கவில்லை.

எங்கள் வகுப்பில் 34 பிள்ளைகள். அதில் ஒன்பது பேர் முஸ்லிம் பிள்ளைகள். பாடசாலை நடந்தும் நடவாமலும் இருந்த காலம் அது. ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஒன்பது இடங்கள் வெறுமையாக இருந்தன. பக்கத்து வீட்டு மாமி போகும்போது தன் தையல் மெசினை என் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அம்மா அதில் ஒரு துணிகூடத் தைக்கவில்லை. எண்ணெய் மட்டும் போட்டு வைத்தார். பிறகு நாங்களும் மடுவுக்கு இடம்பெயர, அந்த மெசினும் வீட்டோடு போயிற்று.

1991 தை மாதம் எங்கள் வகுப்பாசிரியை புதிய வரவு இடாப்பு எழுதினார். ஒன்பது பெயர்களையும் ஒழுங்கு வரிசைப்படி எழுதினார். ஒரு பிள்ளை எழும்பி, "ரீச்சர், அவங்க போயிட்டாங்களே" என்று சொன்னாள். ரீச்சர் தலையை நிமிர்த்தாமலே, "போகச் சொன்னது வேற ஆக்கள். நான் இன்னும் விடுகைப் பத்திரம் குடுக்கேல்ல" என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் முழுவதும் ஒவ்வொரு காலையும் அந்தப் பெயர்களைக் கூப்பிட்டார். பதில் இல்லாதபோது சிவப்புப் பேனையால் அடையாளம் இட்டார். அந்தக் காலத்தில் இப்படிச் செய்வது ஆபத்தில்லாத காரியம் அல்ல. அவர் மேடையில் ஏறிப் பேசவில்லை, யாரையும் திட்டவில்லை. வேறு யாரோ எடுத்த முடிவுக்குத் தன் இடாப்பில் இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அகிம்சை என்றால் ஒன்றும் செய்யாமல் இருப்பது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த இடாப்புத்தான் நினைவுக்கு வரும்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். 1984இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள், வைத்தியர்களும் நோயாளரும் சந்தித்த 74 சந்தர்ப்பங்களைப் பதிவு செய்து கேட்டார்கள். நோயாளி தன் பிரச்சினையைச் சொல்லத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடிகளில் வைத்தியர் குறுக்கிட்டிருந்தார். சொல்ல வந்ததை முழுமையாகச் சொல்லி முடித்தவர்கள் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. எங்கள் கிளினிக் நாள் காலையில் வாங்கில் இருப்பவர்களின் தொகையைப் பார்த்தவர்களுக்கு அந்த 18 விநாடியே பெரிது என்று தோன்றும். எனக்கும் அந்த நெருக்கடி தெரியும்.

சில வருடங்களுக்கு முன் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு முஸ்லிம் அம்மா சலரோகக் கிளினிக்குக்கு வந்தார். இரத்தத்தில் சீனி மிக அதிகம். கிளினிக் கொப்பியில் 'ஒழுங்காக மருந்து எடுப்பதில்லை' என்று முன்னர் பார்த்த ஒருவர் எழுதி, கீழே இரண்டு கோடும் இழுத்திருந்தார். அந்த அம்மா ஏச்சு வாங்கத் தயாராகவே கதிரையில் இருந்தார். "உம்மா, ஒரு மாதத்தில எத்தனை நாள் இஞ்ச இருக்கிறீங்க?" என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் 1990இல் புத்தளத்துக்குப் போனவர். போர் முடிந்த பின் கணவரோடு காணியைத் துப்புரவு செய்து திரும்பி வந்திருக்கிறார். மகளின் பிள்ளைகள் படிப்பது புத்தளத்தில். மகள் வேலைக்குப் போவதால் பேரப்பிள்ளைகளைப் பார்க்க மாதத்தில் பாதி நாள் அங்கே. மருந்து தருவது இங்கே. கிளினிக் நாளில் பஸ் தவறினால் அடுத்த மாதம் வரை மருந்து இல்லை. இதைச் சொல்லி முடிக்க அவருக்கு நாலு நிமிடம் எடுத்தது. இரண்டு மாத மருந்து ஒன்றாகக் கொடுத்தோம். புத்தளத்தில் காட்ட ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தோம். நோன்பு காலத்தில் மருந்தை எப்படி மாற்றி எடுப்பது என்றும் கதைத்தோம். மூன்று மாதத்தில் சீனி குறைந்தது. முற்றாகச் சரியாகவில்லை, ஆனால் காலிலிருந்த புண் ஆறியது.

போகும்போது, "மகள் எந்த ஊர்?" என்று கேட்டார். தலைமன்னார் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்து, "அப்ப உங்களுக்கும் தெரியும்தானே" என்றார். தெரியும் என்றேன். வெளியே இன்னும் முப்பது பேர் இருந்தார்கள். அவர் எழுந்து போனார்.

அடுத்தது சற்றுக் கடினமான விடயம். பெரிய பிள்ளைகள் இருப்பதால் சொல்லத்தான் வேண்டும். தம் உயிரைத் தாமே போக்க முயன்று வைத்தியசாலைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். நான் பயிற்சி பெற்ற காலத்தில் அப்படி வந்தவர்களுக்கு விடுதியில் ஏச்சு விழுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். "எங்களுக்கு வேற வேலை இல்லையா?", "அம்மா அப்பாவை நினைச்சியா?" என்றெல்லாம். ஏசியவர்கள் கெட்டவர்கள் இல்லை. இரவிரவாக அந்த உயிரைக் காப்பாற்றப் பாடுபட்டவர்களும் அவர்கள்தான். களைப்பும் பயமும் ஏச்சாக வெளியே வருகின்றன.

உயர்தரம் படிக்கும் ஒரு மாணவி அப்படி வந்திருந்தாள். மூன்று நாட்கள் யாரோடும் கதைக்கவில்லை. ஒரு மூத்த தாதி தன் வேலை முடிந்த பின் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தார். "தலையைக் கட்டி விடட்டா?" என்று மட்டும் கேட்டார். சிக்கெடுத்துப் பின்னி முடியும் வரை இருவரும் கதைக்கவில்லை. பின்னல் முடிந்ததும் அந்தப் பிள்ளை கதைக்கத் தொடங்கினாள். வீட்டில் அடி. கைத்தொலைபேசியை வைத்து எழுந்த பிரச்சினை. பாடசாலையில் எல்லோர் முன்னிலையிலும் பெயர் சொல்லி அவமானப்படுத்தியது. ஒவ்வொன்றும் தனித்தனியே சிறியது என்று பெரியவர்கள் நினைத்த விடயங்கள். அவள் இன்று குடும்பத்தோடு நன்றாக இருக்கிறாள்.

இதில் நாடு முழுவதற்கும் ஒரு பாடம் உண்டு. 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் இந்த மரணங்கள் நிகழ்ந்தன. உலகிலேயே மிகக் கூடிய வீதங்களில் ஒன்று அது. புத்தி சொல்லி அது குறையவில்லை. மிக நச்சுத்தன்மையான பூச்சிகொல்லிகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடை செய்தது. அடுத்த இருபது வருடங்களில் வீதம் ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகக் குறைந்தது. ஒரு கணத்தின் வேதனையைத் தாண்டிவிட்டால் மனிதர் வாழவே விரும்புகிறார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பிள்ளைகளே, மனம் தாங்காத நேரம் வந்தால் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். யாரும் இல்லாவிட்டால் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். தேசிய மனநல உதவிச் சேவை அது.

அவமானம் என்று சொன்னேன். அதனால் பிரம்பைப் பற்றியும் பேசாமல் விட முடியாது. பாடசாலையில் உடல்ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலும் மீண்டும் 2016இலும் சுற்றறிக்கை அனுப்பியது. ஆசிரியர் அறைந்ததில் ஒரு காதின் கேட்கும் திறனை இழந்த மாணவனின் வழக்கில், அவனுடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. இருந்தும், "எங்களை அடிச்சு வளர்த்தபடியால்தான் நாங்கள் ஆளாகினோம்" என்று சொல்லும் அக்காமார் இந்த மண்டபத்தில் நிச்சயம் இருக்கிறீர்கள். உங்கள் நன்றியுணர்வை நான் மதிக்கிறேன்.

ஆனால் வைத்தியராக ஒன்று சொல்வேன். ஒரு மருந்து நல்லதா என்று பார்க்க, அதைக் குடித்துப் பிழைத்தவர்களை மட்டும் எண்ணக்கூடாது. அடி வாங்கியும் படித்து முன்னேறியவர்கள் இங்கே இருக்கிறோம். எட்டாம் வகுப்பில் அடிக்குப் பயந்து பாடசாலையை விட்டு நின்று, மீன் வாடியில் வேலைக்குப் போனவர்கள் இந்த மண்டபத்தில் இல்லை. அவர்களை யாரும் பேச அழைப்பதில்லை. அவர்களையும் எண்ணிய பிறகு பிரம்பு நல்லதா என்று சொல்வோம்.

இப்படியெல்லாம் பேசினால், "அப்ப எல்லாத்தையும் பொறுத்துக்கொண்டு இருக்கிறதா?" என்று கேட்பார்கள். எங்கள் கடற்றொழிலாளர்களைப் பாருங்கள். 1990இல் எங்களை ஏற்று இடம் தந்தது இராமேஸ்வரக் கரை. அதே கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகள்தான் எங்கள் வலைகளை அறுத்து, கடலின் அடியை வாரிக்கொண்டு போகின்றன. வலை போன வீட்டுக்குப் போய்ப் பரிவு பற்றிப் பேசுவது இலேசல்ல. அந்தப் படகுகளில் கூலிக்கு வருகிறவனும் ஏழைத் தமிழன் என்பதும் எங்கள் ஆட்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தங்கள் உரிமையை விடாமல் கேட்கிறார்கள். 2014 ஜனவரியில் சென்னையில் இரு தரப்புத் தொழிலாளரும் ஒரே மேசையில் இருந்து கதைத்தார்கள். 2017இல் இழுவை மடித் தொழிலைத் தடை செய்யும் சட்டம் எங்கள் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. பிரச்சினை இன்னும் தீரவில்லை, படகுகள் இன்றும் வருகின்றன. ஆனாலும், எதிரே இருப்பவனின் கதையைக் கேட்பதும் எனக்கு நடந்தது அநியாயம் என்று சொல்வதும் ஒரே வாயால் முடியும். பரிவு காட்டினால் உரிமை போய்விடும் என்ற பயம் வேண்டாம்.

சங்கத்தாரிடம் மூன்று வேண்டுகோள்களை வைத்து முடிக்கிறேன்.

முதலாவது, அங்கத்தவர் பட்டியல் பற்றியது. சாதாரண தரம் வரை இங்கே படித்தவர்கள்தான் பழைய மாணவியர் என்ற எண்ணம் எங்களிடம் இருக்கிறது. இந்த ஊரில் அந்த விதி நியாயமானதல்ல. கப்பலில் போனவர்கள், வள்ளத்தில் போனவர்கள், சில நாள் அவகாசத்தில் கற்பிட்டிக்குப் போனவர்கள் யாரும் தாமாகப் படிப்பை நிறுத்தவில்லை. ஒரு தவணையாவது இந்த வாங்கில் இருந்தவர் யாராயினும் அவர் எங்கள் பழைய மாணவி என்று யாப்பில் எழுதுங்கள். பழைய இடாப்புகளில் எஞ்சியிருப்பவற்றை எடுத்துப் பெயர்களைச் சேகரியுங்கள். புத்தளத்திலும், தமிழ்நாட்டு முகாம்களிலும், கனடாவிலும் இருப்பவர்களுக்கு அழைப்பு அனுப்புங்கள். வருவதும் வராததும் அவர்கள் விருப்பம். வந்து கோபமாகப் பேசினாலும் கேட்டுக்கொண்டிருப்போம். 1991 இடாப்பிலிருந்த ஒன்பது பேரில் நாலு பேரின் முகவரியை நானும் என் வகுப்புத் தோழிகளும் தேடி எடுத்திருக்கிறோம். அதைச் செயலாளரிடம் இன்று ஒப்படைக்கிறேன்.

இரண்டாவது, மாணவிகள் பயமின்றி வந்து கதைக்க ஓர் அறையும், அதற்கென்று பயிற்சி பெற்ற ஓர் ஆலோசனை ஆசிரியையும் வேண்டும். அறைக்குப் பெரிய செலவில்லை. இரண்டு கதிரை, ஒரு மின்விசிறி, மூடக்கூடிய கதவு போதும். எங்கள் வகுப்பார் அந்தச் செலவைப் பொறுப்பெடுக்கிறோம். மாதம் ஒருமுறை நானும் வந்து இருக்கிறேன்.

மூன்றாவது, பிரம்பு பற்றியது. ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நாற்பது பிள்ளைகளை ஒரே அறையில் வைத்திருப்பது என்னவென்று எங்களுக்குத் தெரியாது. தாய்மாராகிய நாங்கள், "நல்லா அடியுங்கோ மிஸ்" என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைப்பதை முதலில் நிறுத்துவோம். பெற்றோர் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் யாராவது எழுந்து இதைச் சொல்ல வேண்டும். ஆள் இல்லாவிட்டால் நான் சொல்கிறேன்.